எம் என்றால் மூட்டையா, மாதமா?

தேர்வு முடிந்து ஊருக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று மூன்று பேரிடம் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்த விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். கணக்குப் போடும் மென்பொருளில் ஒரே ஓர் எழுத்துக்குப் பெயர் வைப்பதில் நான் செய்த தப்பு பற்றியது. கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம். இதில் மஞ்சள் இருக்கிறது, எங்கள் அப்பா இருக்கிறார், கிட்டத்தட்ட பதினாலாயிரம் ரூபாயும் இருக்கிறது.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. விடுதியில் ஊர்ப்பெயரைச் சொன்னதும், "ராமானுஜன் கும்பிட்ட சாமி உங்க ஊர்தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்த நாமகிரித் தாயார் இருப்பது நாமக்கல்லில். எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். கொஞ்சம் சங்கீதம் கேட்கிறவர்கள் நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனைச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் மஞ்சள். செவ்வாய்க்கிழமை ஆனால் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று மூன்று ரகமாகப் பிரித்து மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, எல்லாம் குவிண்டால் கணக்கு.

போன மாசி மாதம் எங்கள் வீட்டில் விரலி மட்டும் 24 மூட்டை இருந்தது. எடை 16 குவிண்டால். வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு, ஒரு மண்டியின் குடோனில் வைத்திருந்தார் அப்பா. அன்றைய விலை குவிண்டால் 13,000. இப்போதே தள்ளிவிடுவதா, இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து விற்பதா என்று அவருக்கு யோசனை. மஞ்சள் போடுகிற எல்லா வீட்டிலும் வருஷா வருஷம் வருகிற யோசனைதான். இந்த முறை என்னிடம் கேட்டார்.

"கண்ணு, அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன். வெச்சிருந்தா எவ்வளவுக்குப் போனாக் கட்டும்?"

எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வருஷமாகப் படிக்கிற படிப்புக்கு வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

அந்த செமஸ்டரில்தான் எங்களுக்கு மேக்சிமா அறிமுகமாகியிருந்தது. தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சாதாரணக் கால்குலேட்டருக்கு எண்தான் தெரியும். மேக்சிமா மாதிரி மென்பொருளுக்கு எழுத்தும் தெரியும். எக்ஸ் என்று கொடுத்தால் அதை எக்ஸாகவே வைத்துக்கொண்டு கூட்டும், பெருக்கும், வகையிடும், தொகையிடும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1968இல் தொடங்கிய மேக்சிமா (எழுத்து ஒன்று கூட) திட்டத்தின் வாரிசு இது. டெக்சஸில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஷெல்டர் 1982 முதல் இதைத் தனியாகப் பராமரித்தார். 1998இல் பொது உரிமத்தில் வெளியிட அனுமதி வாங்கினார். 2001இல் அவர் இறந்த பிறகும் ஆர்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். இலவசம். என்னுடைய பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தெரிந்ததையெல்லாம் கொடுத்தேன். தமிழ் எழுத்தில் சொன்னால் இப்படி:

பி : 13000 (விலை)
எம் : 24 (மூட்டை)
கியூ : 16 (குவிண்டால்)
ஆர் : 10 * எம் / கியூ (குடோன் வாடகை, மூட்டைக்கு மாதம் 10 ரூபாய்)

ஆர் என்பது 15 என்று வந்தது. அதாவது ஒரு குவிண்டாலுக்கு மாதம் 15 ரூபாய் வாடகை. சரியான விடை. தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ராத்திரி, முந்தின நாள் திறந்து வைத்ததிலேயே மிச்சத்தைத் தொடர்ந்தேன். அப்பா விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் ஒன்றரை வட்டி. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். ஆகவே இத்தனை மாதம் வைத்திருந்தால் இத்தனை ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று ஒரு சூத்திரம்:

தேவை : பி + (0.015 * பி + ஆர்) * எம்

இந்த எம், மாதம். நான் மனதில் வைத்திருந்த எம் அதுதான். தட்டினேன். 18,040 என்று வந்தது.

அடுத்த நாள் ஏலம். அப்பா போனில் காத்திருந்தார்.

"பதினெட்டாயிரத்து நாப்பதுக்குப் போனாத்தாம்ப்பா கட்டும். கொறஞ்சா நஷ்டந்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவ்வளவு எங்க போவப் போவுது... சரி, நாளைக்கே போட்டுடறேன்" என்றார். போட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து விரலி 14,500ஐத் தாண்டியது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. 18,040 எங்கே, 14,500 எங்கே, நல்ல வேளை விற்றோம் என்றுதான் நினைத்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் லேபில் பக்கத்து நண்பனுக்கு, "எங்க வீட்டு மஞ்சளுக்கே நான் கணக்குப் போட்டேன், பார்க்கிறியா?" என்று பெருமையாக அந்தக் கோப்பைத் திறந்து ஓடவிட்டேன். ஒவ்வொரு மாதத்துக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட, தேவையை எம்மைக் கொண்டு வகையிடச் சொன்னேன். மேக்சிமா மறுத்துவிட்டது. 'இரண்டாவதாகக் கொடுப்பது ஒரு மாறியாக இருக்க வேண்டும். இங்கே இருப்பது 24' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

24. மூட்டை!

நண்பன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாதம் என்று நான் நினைத்த எம்முக்குள் ஞாயிற்றுக்கிழமை போட்ட 24 மூட்டை அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்பாவிடம் நான் சொன்னது 24 மாதம் வைத்திருந்தால் ஆகும் விலை. இரண்டு வருஷம்! மூன்று மாதத்துக்கு 13,000 கூட்டல் மூன்று இருநூற்றுப் பத்து, அதாவது 13,630 போதும். 14,500க்குப் போயிருந்தால் செலவு போகக் குவிண்டாலுக்கு 870 மிச்சம். 16 குவிண்டாலுக்கு 13,920 ரூபாய்.

இதில் மென்பொருள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்டதைச் செய்தது. ஆனால் அது ஏன் அப்படிச் செய்தது என்று புரிந்துகொள்ள எனக்கு எங்கள் அப்பத்தா தேவைப்பட்டார்.

எனக்குத் தாத்தாவின் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். அப்பத்தா அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். புருஷன் பெயராயிற்றே. அதனால் நான் அவருக்குப் "பெரிய தம்பி". ஒருமுறை ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டபோது என்னைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவன் பேருதானுங்க" என்றார். கடைக்காரருக்கு வேண்டியது வெறும் பெயர், நாலு எழுத்து. அப்பத்தாவுக்கு அப்படி வெறும் பெயர் என்று ஒன்று கிடையாது. சொன்ன மாத்திரத்தில் ஆளே முன்னால் வந்து நின்றுவிடுவார்.

மேக்சிமாவும் அப்பத்தா கட்சிதான். ஒரு பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்க்கும். இருந்தால் பெயரை விட்டுவிட்டு ஆளைக் கூட்டிவரும். இல்லாவிட்டால் மட்டும் பெயரைப் பெயராகவே வைத்துக்கொள்ளும். 'ஆள் வேண்டாம், பெயர் மட்டும் போதும்' என்று சொல்ல, பெயருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். இது அதன் தாய்மொழியான லிஸ்ப்பிலிருந்து வந்த பழக்கம். உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டுப் பெயரைக் காலியாக்க 'கில்' என்றொரு கட்டளையும் உண்டு. கொலைகாரப் பெயர்தான், ஆனால் அன்றைக்கு அந்தக் கொலையைச் செய்திருந்தால் குடும்பத்துக்கு நல்லது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சமக்குறி ஒன்றுதான். அதை வைத்தே 'எக்ஸ் என்பது 5' என்றும் எழுதினோம், 'இடது பக்கமும் வலது பக்கமும் சமம்' என்றும் எழுதினோம். இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவது பெயருக்குள் மதிப்பை வைப்பது. இரண்டாவது ஒரு செய்தி சொல்வது. மேக்சிமாவில் வைப்பதற்கு முக்காற்புள்ளி, சமன்பாட்டுக்குச் சமக்குறி, சார்பை வரையறுக்க இரண்டும் சேர்ந்த := குறி. மேப்பிளில் := குறிதான் மதிப்பை வைப்பதற்கு. மேத்தமேட்டிக்காவில் சமக்குறி போட்டால் வலது பக்கத்தை அப்போதே கணக்கிட்டு வைத்துவிடும். := போட்டால் கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடும். ஒரே குறி, ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு.

எப்போது கணக்கிடுவது என்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். ஏ என்பதில் 'பி கூட்டல் 1' என்று வைத்துவிட்டு, அப்புறம் பிக்கு 5 கொடுத்து, ஏவைக் கேளுங்கள். மேப்பிளும் மேத்தமேட்டிக்காவும் கடைசிவரை தோண்டிப்போய் 6 என்று சொல்லும். மேக்சிமா ஒரு படி மட்டும் இறங்கி, 'பி கூட்டல் 1' என்று நின்றுவிடும். வரிசையை மாற்றி, பிக்கு முதலில் 5 கொடுத்துவிட்டு ஏவை வைத்தால் 6 என்று உறைந்துவிடும். பிறகு பியை என்ன மாற்றினாலும் ஏ அசையாது. லேபில் பாதிப் பேர் "சிஸ்டம் சரியில்ல சார்" என்று கை தூக்கியது இதனால்தான்.

பெயர்களிலும் சில ஏற்கெனவே பட்டா போட்டவை. மேத்தமேட்டிக்காவில் பெரிய எழுத்து ஐ, ஈ, டி, என் எல்லாம் அதற்குச் சொந்தம். மேக்சிமாவில் தலைகீழ்ச் சங்கடம். அங்கே 2.718... என்ற எண்ணுக்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும். வெறும் ஈ என்றால் அது யாரோ ஓர் ஈ. அதை எக்ஸ் அடுக்குக்கு உயர்த்தி வகையிட்டால், விடையோடு அந்த ஈயின் மடக்கை ஒன்று தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். பெயரை நம்பி உள்ளே போகக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் புதன்சந்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மாட்டுச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை :-)

சரி, ஏன் எம் என்று வைத்தேன்? மூட்டைக்கும் மாதத்துக்கும் முதல் எழுத்து அது. மஞ்சளுக்கும் அதுதான், மகசூலுக்கும் அதுதான், மண்டிக்கும் அதுதான். எங்கள் வீட்டுக் கணக்கில் பாதிச் சொற்கள் ம வரிசையில் வருகின்றன. ஒற்றை எழுத்தில் வேலையை முடிக்கிற பழக்கம் காகிதத்திலிருந்து வந்தது. தெரியாததற்கு எக்ஸ், ஒய், இசட் என்றும் தெரிந்ததற்கு ஏ, பி, சி என்றும் எழுதும் முறையை 1637இல் வந்த தம் நூலில் பரப்பியவர் டெகார்ட். காகிதத்தில் எழுதும்போது சுருக்கம் வசதி. ஒரு பக்கம் புரட்டினால் பழைய எக்ஸ் செத்துப்போய்ப் புது எக்ஸ் பிறந்துவிடும். கணினியில் பக்கம் புரளாது. ஞாயிற்றுக்கிழமை எம் திங்கட்கிழமையும் உயிரோடு இருக்கும்.

நம் ஊர் பழைய வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பாஸ்கராச்சாரியர் 1150ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில், தெரியாத எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள். ஒன்றுக்கு மேல் தெரியாத எண்கள் வந்தால் நிறங்களின் பெயர்: காலகம் கறுப்பு, நீலகம் நீலம், பீதகம் மஞ்சள், லோகிதம் சிவப்பு. நிறங்களை இப்படிப் பயன்படுத்துவது அவருக்கும் முன்னால், 628இல் எழுதிய பிரம்மகுப்தரிடமே இருக்கிறது. எழுதும்போது முதல் அசை மட்டும்: யா, கா, நீ, பீ, லோ. ஒன்றோடு ஒன்று மோதவே மோதாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மஞ்சளுக்கு இருந்த தெளிவு என் மஞ்சளுக்கு இல்லை.

'எவ்வளவோ அவ்வளவு' என்ற பெயரை லேபுக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். எவ்வளவு என்று இப்போதைக்குக் கேட்காதே, வேலை முடியட்டும் என்று அந்தப் பெயரே சொல்கிறது. நான் கேட்டது சூத்திரம். அதில் மாதம் என்ற 'எவ்வளவோ' நின்றிருக்க வேண்டும். வந்ததோ வெறும் எண். எழுத்து வர வேண்டிய இடத்தில் எண் மட்டும் வந்ததே, அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். விடை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த செமஸ்டரில் லேபுக்கு வரும் மக்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு விஷயம். ஒன்று, பெயரை முழுசாக வையுங்கள். எழுத்தை மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப் போவதில்லை. இரண்டு, புதுக் கணக்கு என்றால் புதிதாகத் திறங்கள், அல்லது எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். 'வேல்யூஸ்' என்று அடித்தால் எந்தெந்தப் பெயருக்குள் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று மேக்சிமா பட்டியல் தரும். மூன்று, மாறப் போகிற பெயருக்கு நிரந்தரமாக மதிப்புக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் 3 என்று பிரதியிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் சார்பாக எழுதுங்கள். சார்பின் அடைப்புக்குள் வரும் பெயர் வெளியே இருக்கும் அதே பெயரோடு ஒட்டாது. நான்கு, எழுத்தை எதிர்பார்த்த இடத்தில் எண் வந்தால் யாரிடமும் போன் போட்டுச் சொல்லாதீர்கள்.

முழுப் பெயர் என்றதும் தமிழிலேயே வைத்தால் என்ன என்று தோன்றியது. பைத்தான் மொழியில் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அது முடியும். 'மூட்டை = 24' என்று அடித்தால் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதன்மேல் இயங்கும் சிம்பை என்ற மென்பொருளில் 'மாதம்' என்று ஒரு குறியீட்டை உருவாக்கி வகையிட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி. 'கொள்முதல்' என்பதில் உள்ள ஒகரக் குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலில் மாறியின் பெயராக எழுதினால் பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. மேற்கோளுக்குள் கொடுத்து சிம்பையில் குறியீடாக்கினால் ஒன்றாக்குவதில்லை. கொள்முதலிலிருந்து கொள்முதலைக் கழித்தேன், பூஜ்யம் வரவில்லை!

கடைசியாக அப்பா.

தப்பு தெரிந்த வாரமே ஊருக்கு வந்து சொல்லிவிட்டேன். மூட்டை, மாதம், எம் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பதினெட்டாயிரம்னு நீ சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. மூணு மாசத்துக்கு அவ்வளவு வட்டி ஆவாதேன்னு. படிச்சவன் சொல்றியேன்னு கேக்காம வுட்டுட்டேன்."

13,920ஐ விட இதுதான் எனக்கு வலித்தது. முப்பது வருஷமாக வட்டியை விரல்விட்டு எண்ணுகிற மனிதர். குவிண்டாலுக்கு மாதம் இருநூத்திப் பத்து ஏறுதுப்பா என்று மாதத்தை அப்படியே விட்டுச் சொல்லியிருந்தால், அடுத்த மூச்சில் அவரே பெருக்கியிருப்பார். நான் எண்ணாக்கிச் சொன்னதும் அவருக்குப் பேச இடம் இல்லாமல் போய்விட்டது.

தை பிறந்தால் மறுபடி மஞ்சள் வெட்டு. நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து புதுக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினேன். விலை, வட்டி, வாடகை, மாதம் என்று எல்லாம் முழுப் பெயரில், மாதத்துக்கு எதிரே ஒன்றும் போடாமல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"வெச்சிருந்தா எடை கொறையுமே, அத எங்க போட்ட?"

போடவில்லை. மூன்று மாதத்துக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "அது காய்ச்சலப் பொறுத்து" என்றார்.

'எடைக்குறைவு' என்று ஒரு வரி சேர்த்து, எதிரே காலியாக விட்டிருக்கிறேன்.